எஞ்சினியர் உள்ளே இருக்கிறார்

பெரிய மனிதர் ஒருவரைப் பார்த்துப் புத்தி கேட்கப் போவதற்கு எத்தனை விதிகள் உண்டு என்பதை லாலாகுடா ரயில்வே காலனியில் பெருமாளிடம்தான் கேட்க வேண்டும். பட்டறையில் அவர் ஃபிட்டர். சூசைராஜுக்கு அடுத்த பெஞ்ச். வீடும் அடுத்த வீடு. கொஞ்ச காலத்துக்கு முன் தன் மகனைக் கூட்டிக்கொண்டு குகட்பள்ளிக்குப் போய், சுந்தரேசன் என்கிற எஞ்சினியரைப் பார்த்து, எந்த வேலைக்கு எழுதிப் போடலாம் என்று யோசனை கேட்டு வந்தார். அந்த மகன் இப்போது பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் நிரந்தரமாகிவிட்டான். அன்றிலிருந்து இந்த விஷயத்தில் பெருமாள் வைத்ததுதான் சட்டம்.

"வாசல்ல நின்னு 'ஐயா'ன்னு கொரல் குடுக்கணும். மணிய அடிக்கக் கூடாது," என்று அவர் விரலை மடக்கினார். "உக்காருன்னு சொல்வாரு. உக்காந்துடாதே. அது சும்மா சொல்றது. பேச்சுக்குப் பேச்சு ஐயா வரணும். பொண்ணு பின்பக்கமாப் போயி மாமிகிட்ட நிக்கணும். பழத்த மாமி கையிலதான் குடுக்கணும். இன்னா, புரிஞ்சுதா?"

சூசைராஜ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஞாயிறு பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையை இன்னும் கழற்றவில்லை. உள்ளே கண்ணாடி முன்னால் நின்று பின்னலை முடிந்துகொண்டிருந்த அவர் மகள் ஆரோக்கியமேரி திரும்பிப் பார்த்தாள்.

"நான் எதுக்கு மாமா பின்பக்கம் போகணும்? கேள்வி என்னோடதுதானே?"

"உன் கேள்விய உங்கப்பன் கேப்பான்."

"அப்பாவுக்கு ஆஸிலோஸ்கோப்னா என்னன்னு தெரியுமா?"

"பாத்தியா சூசை," என்றார் பெருமாள், சிரித்துக்கொண்டே. "இந்த வாய இங்கியே பூட்டிட்டு இட்டுக்கினு போ. சாவி என்கிட்ட இருக்கட்டும்."

மேரி பெண்கள் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்தவள். அந்த வாரம் அவளுக்கு இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்திருந்தது. ஒன்று, அப்பா வேலை பார்க்கும் பட்டறையின் அலுவலகத்திலேயே டைப்பிஸ்ட் வேலை. நிரந்தரம், ரயில் பாஸ், பென்ஷன், வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். இன்னொன்று, பாலாநகரில் கருவிகள் செய்யும் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் ஒரு வருடப் பயிற்சி. அதற்கு அப்புறம் வைத்துக்கொள்வார்களா, வெளியே அனுப்பிவிடுவார்களா என்று அதில் ஒரு வரியும் இல்லை. ரயில்வேக்குத் திங்கட்கிழமை பதில் சொல்லியாக வேண்டும்.

மேரிக்கு மனமெல்லாம் பாலாநகரில். ஆனால் அவளுக்கும் பயம் உண்டு. ஒரு வருடம் பெண்களை மூலையில் உட்கார்த்தி ஒயர் முறுக்கச் சொல்லிவிட்டு, கும்பிடு போட்டு அனுப்பிவிட்டால்? உள்ளே இருக்கிறவர்களுக்குத்தான் அது தெரியும்; சுந்தரேசன் அந்தத் தொழிற்சாலையில்தான் எஞ்சினியர் என்று பெருமாள் சொல்லியிருந்தார். அதனால்தான் அப்பாவோடு ஓர் உடன்படிக்கைக்கு அவள் ஒத்துக்கொண்டாள். மாதா படத்துக்கு முன்னால் நின்று பேசிய பேச்சு அது. எஞ்சினியர் ரயில்வே என்றால் ரயில்வே. பாலாநகர் என்றால் பாலாநகர். இரண்டு பேரும் பேச்சு மாறக் கூடாது.

"ஹவ், சரி, ஒத்துக்கறேன். ஆனா ஐயான்னு மட்டும் நான் சொல்ல மாட்டேன்," என்றாள் மேரி, செருப்பை மாட்டிக்கொண்டே.

"கைக்கு, எதுக்கு இந்த வம்பு? ஒரு சொல்லுதானே. வாயா தேஞ்சிடும்?"

"ஐயான்னு சொன்னா கை தானா நீண்டுடும்ப்பா. நான் பிச்சை கேக்கப் போகல. விவரம் கேக்கப் போறேன். சார்னு சொல்றேன். காலேஜ்ல லெக்சரரை அப்படித்தான் கூப்பிட்டோம்."

"பெரியவங்கள மதிக்கணும் மேரி."

"மாதாவையே நான் 'அம்மா, நீ'ன்னுதான் கூப்பிடறேன். அவங்க ஒரு நாளும் கோவிச்சுக்கலையே."

சூசைராஜ் பழப் பையை எடுத்துக்கொண்டார். மேரியின் அம்மா அதில் நல்ல பச்சைத் திராட்சையாகப் பார்த்து வைத்திருந்தாள். சூசைராஜ் கெட்ட மனிதர் இல்லை, கோழையும் இல்லை. திண்டுக்கல்லிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கியவருக்கு இந்தத் தெலுங்கு ஊரில் கை கொடுத்தது இரண்டு. ஒன்று கைத்தொழில், இன்னொன்று 'ஐயா'. சார்ஜ்மேனிடம் ஐயா, டாக்டரிடம் ஐயா, பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டபோது வாசல் காவலாளியிடமும் ஐயா. அந்தச் சொல்லை ஏணியாகப் போட்டுத்தான் அவர் பிள்ளைகளை மேலே ஏற்றினார். மேலே ஏறிய மகள் ஏணியை எட்டி உதைக்கிறாளே என்று அவருக்கு வலித்தது. மேரிக்கும் அது தெரியும். தெரிந்தும், அவள் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

குகட்பள்ளி வீட்டு வசதி வாரியக் காலனியில் எல்லா வீடும் ஒரே அச்சு. பெருமாள் சொன்ன அடையாளங்களான தண்ணீர்த் தொட்டியையும் வேப்ப மரத்தையும் பச்சைக் கதவையும் வைத்துக் கண்டுபிடித்தார்கள். வாசலில் 'ஆர். சுந்தரேசன்' என்று பெயர்ப்பலகை. சூசைராஜ் செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஐயா" என்றார். அவர் இரண்டாம் முறை கூப்பிட வாயெடுப்பதற்குள் மேரி மணியை அடித்துவிட்டாள்.

கதவைத் திறந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் விபூதி, கையில் மடித்த பத்திரிகை. முகத்தில் விருந்தாளிகளைக் கண்ட சந்தோஷம் நிஜமாகவே இருந்தது.

"வாங்கோ, வாங்கோ. பெருமாள் சொல்லி அனுப்பிச்சாரே, லாலாகுடாலேந்து. உள்ளே வாங்கோ. உக்காருங்கோ."

சூசைராஜ் பழப் பையை மேரியிடம் கொடுத்துவிட்டு, கதவு ஓரமாகக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். மேரி, "தேங்க் யூ சார்" என்று சொல்லிவிட்டு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்காரும்போது முதுகில் அப்பாவின் பார்வை இஸ்திரிப் பெட்டி மாதிரி சுட்டது. அவள் திரும்பவில்லை.

"மேரி, பழத்தக் கொண்டு போயி பின்னால அம்மாகிட்ட..." என்று சூசைராஜ் முணுமுணுத்தார்.

"இங்கேயே வைக்கிறேன்ப்பா," என்று அவள் பையை மேஜையில் வைத்தாள்.

உள்ளேயிருந்து ஆட்டுக்கல்லில் மாவு அரைபடும் சத்தம் வந்துகொண்டிருந்தது. கரகரவென்று நிதானமான சத்தம்.

சுந்தரேசன் அன்பாகவே ஆரம்பித்தார். "சொல்லும்மா. என்ன படிச்சிருக்கே? எங்கேந்து கூப்பிட்டிருக்கா?" எல்லாம் கேட்டுவிட்டு, "பேஷ்" என்றார்.

"சார், அந்த ஒரு வருஷப் பயிற்சியில என்னென்ன செக்‌ஷன்ல போடுவாங்க?" என்று மேரி கேட்டாள்.

சுந்தரேசன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "ஒரு நிமிஷம். தீர்த்தம் குடிச்சுட்டு வந்துடறேன்," என்று எழுந்து உள்ளே போனார்.

ஆட்டுக்கல் நின்றது. சற்று நேரம் மெல்லிய பேச்சுக்குரல். மறுபடி ஆட்டுக்கல் சுழல ஆரம்பித்தபோது அவர் திரும்பி வந்தார்.

"முதல் மூணு மாசம் ஸ்டோர்ஸ், டிராயிங் எல்லாம் பாக்கணும். அப்புறம் வயரிங், அசெம்பிளி. கடைசியிலேதான் டெஸ்டிங். அதுவும் மார்க்கைப் பாத்துத்தான்," என்று தெளிவாகச் சொன்னார்.

சூசைராஜின் முகம் மலர்ந்தது. என்ன ஞானம் என்கிற மாதிரி மேரியைப் பார்த்தார்.

"டெஸ்டிங்ல என்ன மாதிரி கருவிகள் சார்? ஆஸிலோஸ்கோப் டூயல் ட்ரேஸா, பழைய சிங்கிள் பீமா?"

"அது..." சுந்தரேசன் மறுபடி எழுந்தார். "காபி என்னாச்சுன்னு பாத்துட்டு வரேன்."

ஆட்டுக்கல் நின்றது. பேச்சுக்குரல். ஆட்டுக்கல் சுழன்றது. அவர் வந்தார்.

"ரெண்டும் இருக்கு. புதுசு ஒண்ணு டூயல் ட்ரேஸ் வந்திருக்கு. ஆனா ட்ரெய்னிகளைத் தொட விடமாட்டா." காபி வரவில்லை.

மேரி மடியில் இருந்த கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. இந்த வீட்டில் ஓர் எஞ்சினியர் இருப்பது உண்மை. அவர் இந்த நாற்காலியில் இல்லை. ஊரெல்லாம் ஐயா ஐயா என்று வாசலில் நின்று பூசாரியைக் கும்பிட்டுவிட்டுப் போகிறது. சாமி உள்ளே மாவாட்டிக்கொண்டிருக்கிறது.

இருந்தாலும் அவள் பொறுத்தாள். பெரிய மனிதர், வீடு தேடி வந்தவர்களிடம் இதமாகப் பேசுகிறவர். உள்ளே போய்க் கேட்டாலும் உண்மையைத்தானே கொண்டுவந்து தருகிறார். அவமானப்படுத்த அவளுக்கு மனமில்லை. கடைசிக் கேள்வியைக் கேட்டாள்.

"சார், எனக்கு ரயில்வேயில டைப்பிஸ்ட் வேலையும் வந்திருக்கு. நாளைக்குப் பதில் சொல்லணும். பாலாநகர்ல வருஷம் முடிஞ்சதும் பெண்களை வெச்சுக்கறாங்களா? டெஸ்டிங் வேலை குடுக்கறாங்களா? நான் எதுல சேரலாம்?"

சுந்தரேசன் எழுந்திருக்கவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து கொண்டார்.

"இதிலே யோசிக்க என்ன இருக்கு? ரயில்வேதான். பொம்மனாட்டிக் குழந்தை, ஆத்துக்குப் பக்கத்திலே ஆபீஸ், சாயங்காலம் விளக்கேத்தற நேரத்துக்கு வந்துடலாம். நாளைக்குக் கல்யாணம்னு ஆனா ட்ரான்ஸ்ஃபரும் வாங்கலாம். ஃபேக்டரியெல்லாம் வேண்டாம்மா. நீ என் பொண்ணா இருந்தாலும் இதைத்தான் சொல்வேன்."

சூசைராஜ் கைகளைக் கூப்பினார். "ரொம்ப உபகாரங்க ஐயா. இந்த ஒரு வார்த்தைக்குத்தான் வந்தோம். மேரி, எந்திரி. ஐயாவுக்குக் கும்பிடு சொல்லு."

மேரி எழுந்திருக்கவில்லை.

"சார், முதல் ரெண்டு கேள்விக்கும் உள்ளே போய்க் கேட்டுட்டு வந்து சொன்னீங்க. இதை மட்டும் கேக்காமலே சொல்லிட்டீங்களே."

அறையில் சட்டென்று ஓர் அமைதி. அது சாதாரண அமைதி இல்லை என்பதை மேரி ஒரு கணம் கழித்துத்தான் உணர்ந்தாள். ஆட்டுக்கல் நின்றுபோயிருந்தது. இந்த முறை யாரும் உள்ளே போகவில்லை. அது தானாகவே நின்றிருந்தது.

"மேரி," என்றார் சூசைராஜ். "என்ன பேச்சுப் பேசறே? ஐயா, சின்னப் பொண்ணு, தெரியாம..."

"தெரிஞ்சுதான்ப்பா பேசறேன். சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க எஞ்சினியரா?"

சுந்தரேசனின் முகம் சிவந்தது. "நான் எஞ்சினியர்னு யார்கிட்டயும் சொன்னதில்லேம்மா. நான் வேறே ஆபீஸ்லே, கணக்குத் துறையிலே இருக்கேன்."

"சொன்னதில்லதான் சார். இல்லைன்னும் சொல்லல. எங்க காலனியே உங்களைத்தான் எஞ்சினியர்னு நினைச்சுக்கிட்டிருக்கு. நான் எங்கப்பாவுக்கு மாதா முன்னால வாக்குக் குடுத்திருக்கேன், எஞ்சினியர் சொல்ற வேலையில சேருவேன்னு. அதனால எஞ்சினியரைத்தான் நான் கேக்கணும். அவங்களைக் கொஞ்சம் வரச் சொல்றீங்களா?"

வரச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சமையலறை வாசலில் ஓர் அம்மாள் நின்றுகொண்டிருந்தார். கெண்டைக்கால் தெரிய இழுத்துச் செருகிய புடவை. வலது கை மணிக்கட்டு வரை மாவு. நரை கலந்த முடியை முழங்கையால் ஒதுக்கிக்கொண்டார். மேரி எழுந்து நின்றாள். வந்ததிலிருந்து அவள் எழுந்தது அப்போதுதான்.

"வணக்கம் மேடம்."

"மேடமா?" என்று அந்த அம்மாள் லேசாகச் சிரித்தார். "இந்தக் காலனியிலே எல்லாருக்கும் நான் மாமி."

"ஆபீஸ்ல என்னன்னு கூப்பிடுவாங்க மேடம்?"

"ஆபீஸ்லே மிஸஸ் சுந்தரேசன்."

"உங்க பேர்?"

அந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. கணவரைப் பார்த்தார், பிறகு தன் மாவுக் கையைப் பார்த்தார். "கல்பகம்," என்றார். "கை அலம்பிண்டு வரேன். உக்காருங்கோ."

பெருமாள் சொன்ன சட்டத்தில் இப்படி ஒரு கட்டமே இல்லை. சூசைராஜுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கல்பகம் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். உள்ளேயிருந்து ஒரு நாற்காலியையும் தூக்கிக்கொண்டு வந்து, அதைச் சூசைராஜுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, மேரிக்கு எதிரே உட்கார்ந்தார். வீட்டுக்காரரின் நாற்காலிக்குச் சரிசமமாக உட்கார்ந்தார்.

"நான் தப்பா ஒண்ணும் சொல்லலையே கல்பகம்," என்றார் சுந்தரேசன், மெதுவாக.

"தப்பா சொல்லலே. உங்களுக்குத் தெரியாததைச் சொன்னேள்."

குரலில் கோபம் இல்லை. உப்புக் குறைவு என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். அதனால்தானோ என்னவோ, சுந்தரேசனுக்கு அது நன்றாக உறைத்தது.

கல்பகம் மேரியிடம் திரும்பினார். "கேளுங்கோ. நீங்க கேட்டதை மறுபடியும் கேளுங்கோ. நேரா என்கிட்டே."

நீங்க. தன் மகள் வயதிருக்கும் பெண்ணை அவர் 'நீங்க' என்றார். கேள்வி கேட்க வந்தவளை ஆளாக மதிப்பது எவ்வளவு சின்ன உபகாரம். காசு பணம் வேண்டாம், சிபாரிசு வேண்டாம், நாவைக் கொஞ்சம் வளைத்தால் போதும். கடவுள் மனிதருக்குக் கொடுத்த தர்மங்களில் இவ்வளவு மலிவானது வேறில்லை. அதைத்தான் நாம் மிகவும் கஞ்சத்தனமாகச் செலவழிக்கிறோம்.

அவள் கேட்டாள். கல்பகம் சொன்னார்.

"போன தடவை ரெண்டு பொண்கள் வந்தா. ரெண்டு பேரையும் வயரிங்லே போட்டாச்சு. பொண்களுக்கு விரல் மெல்லிசுன்னு ஒரு சாக்கு. ஜுலைகான்னு ஒருத்தி, ஃபலக்னுமா பக்கத்துலேந்து வரவ. அவ தினம் சூப்பர்வைசர்கிட்டே போய் டெஸ்டிங் குடுங்கோன்னு கேட்டா. அவா சிரிச்சா, விரட்டினா, இவ விடலே. கடைசியிலே குடுத்துட்டா. இன்னொருத்தி கேக்கலே. அவ இன்னும் வயர்தான் கட்டிண்டிருக்கா. ரெண்டு பேரையும் வெச்சுண்டிருக்கோம்."

"அப்போ என்னையும் வெச்சுப்பீங்களா மேடம்?"

"அந்த உத்தரவாதம் என் கையிலே இல்லே. கேட்டா கிடைச்சுடும்னும் சொல்ல மாட்டேன். கேக்காட்டா கிடைக்காது. அது மட்டும் நிச்சயம்." ஒரு கணம் நிறுத்தினார். "நான் சேர்ந்தப்போ எனக்கும் இந்த மாதிரி கேக்க நிறைய இருந்தது. யார்கிட்டே போறது, எப்படிக் கூப்பிடறது, சாரா, மாமாவான்னு யோசிச்சே ரெண்டு வருஷம் போயிடுத்து. வயரிங்லே."

"நான் எதுல சேரலாம் மேடம்?"

சூசைராஜ் தலையை நிமிர்த்தினார். வாக்கு அந்தப் பதிலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"அதை நான் சொல்ல மாட்டேன்," என்றார் கல்பகம். "உள்ளே எப்படியிருக்கும்னு சொல்றது என் வேலை. சொல்லியாச்சு. போகணுமா வேண்டாமான்னு சொல்றது உங்க வேலை. அதை என் தலையிலேயும் வெக்காதீங்கோ, அப்பா தலையிலேயும் வெக்காதீங்கோ."

காபியை அவரே கொண்டு வந்தார். எல்லோருக்கும் ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர். சூசைராஜுக்குத் தனியாக ஒன்றைத் தேடவில்லை. சூசைராஜ் நின்றபடியே குடித்தார். நாற்காலி அவர் பக்கத்தில் சும்மா இருந்தது.

கிளம்பும் நேரத்தில் சுந்தரேசன் தன் பெரியமனிதத்தனத்தைக் கொஞ்சம் மீட்டுக்கொள்ளப் பார்த்தார். "பாலாநகர்லே பர்சனல் ஆபீஸர் எனக்கு வேண்டியவர்தான். அங்கேதான் சேரறதுன்னா, பொண்ணைப் பாத்துக்கோன்னு ஒரு வார்த்தை சொல்லி வெக்கறேன்," என்றார்.

சூசைராஜின் கைகள் தானாகவே கூப்பிக்கொள்ளப் போயின.

"வேண்டாம் சார்," என்றாள் மேரி. "ரொம்ப நன்றி. நான் வழி கேக்கத்தான் வந்தேன். நடந்து நானே போயிடுவேன்."

கல்பகம் திராட்சைப் பையிலிருந்து ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு, மீதியை மேரியிடமே திருப்பிக் கொடுத்தார். "கேள்வி கேக்கறதுக்குப் பழம் வேண்டாம். இனிமே வந்தா வெறுங்கையோட வாங்கோ. முன்பக்கமாவே வாங்கோ."

பஸ் எர்ரகடா தாண்டியதும் சூசைராஜ் வாயைத் திறந்தார்.

"அந்த மனுசன் முகம் எப்படிப் போச்சு பாத்தியா? வீடு தேடிப் போயி இப்படிப் பேசலாமா?"

"அவர் முகத்தைப் பாத்தா எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா அவர் சொன்னதைக் கேட்டுட்டு நான் வந்திருந்தா, ஆயுசுக்கும் டைப் அடிச்சுக்கிட்டு அவரைத் திட்டிக்கிட்டு இருந்திருப்பேன். அது நல்லதா?"

"நம்ம பேச்சு என்ன? எஞ்சினியர் சொல்றதுன்னு."

"எஞ்சினியர் என்னையே சொல்லச் சொல்லிட்டாங்க. நான் சொல்றேன். பாலாநகர்."

"நக்கோ, வேணாம் மேரி. என் மானத்த வாங்காதே. நாளைக்கு ஆபீஸ்ல நான் எந்த முகத்தோட போயி வேண்டாம்னு சொல்லுவேன்?"

"நீங்க சொல்ல வேண்டாம். நான் போய்ச் சொல்றேன். உங்க மானம் எங்கப்பா போச்சு? உங்களுக்கும் நாற்காலி போட்டாங்க. நீங்கதான் உக்காரல."

சூசைராஜ் வெளியே பார்த்தார். ஒரு சிக்னலில் பஸ் நின்று, கிளம்பி, அடுத்த சிக்னலிலும் நின்றது.

"எனக்கு உக்காரத் தெரியலம்மா," என்றார்.

மேரி பையிலிருந்து திராட்சையைப் பறித்துப் பறித்து அவர் கையில் வைத்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லாமல் தின்றார்.

மறுநாள் காலை மேரி தனியாகத்தான் பட்டறை அலுவலகத்துக்குப் போனாள். அப்பா விடியற்காலையில் அவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் வேலைக்குப் போயிருந்தார். கண்காணிப்பாளர் வேணுகோபால் நல்ல மனிதர், தெலுங்கர், பல வருடங்களாகச் சூசைராஜை அறிந்தவர். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியை இறக்கினார்.

"வேண்டாமா? நிஜமாவா? உங்கப்பாவுக்குத் தெரியுமா? நில்லும்மா, அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம நான் இந்த ஃபைலை மூட முடியாது," என்று ஆள் அனுப்பினார்.

சூசைராஜ் வந்தார். நீல உடுப்பு, கையில் கிரீஸ், வழக்கமான இடத்தில், கதவோரத்தில் நின்றார். மேரி அவரைப் பார்க்கவில்லை. அப்பா ஒரு தலையாட்டு ஆட்டினால் போதும், பாலாநகர் முடிந்தது. இந்த ஊரில் தகப்பன் தலையாட்டுக்கு மேலே பெண்ணின் கையெழுத்து செல்லாது. எதிர்த்து நிற்பது என்று அவள் முடிவு செய்திருந்தாள். மாதாவே, நீ பாத்துக்கோ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"ஏம்ப்பா சூசைராஜ், உன் பொண்ணு நம்ம வேலை வேண்டாங்குது. நீ என்ன சொல்றே?"

சூசைராஜ் கையில் இருந்த பஞ்சுக் கழிவில் விரல் விரலாகத் துடைத்தார். நிமிர்ந்தார்.

"அவளையே கேளுங்க சார்," என்றார்.

வேணுகோபால் அவரை ஒரு முறை பார்த்தார். சூசைராஜ் வாயிலிருந்து 'சார்' வந்து அவர் கேட்டதில்லை. பிறகு எதிரே கிடந்த நாற்காலியை மேரிக்குக் காட்டினார்.

பாலாநகரில் சேர்ந்த மேரியை, கல்பகம் சொன்னபடியே, முதல் சுற்று முடிந்ததும் வயரிங்கில்தான் போட்டார்கள். சூப்பர்வைசர் ஜகதீசன் சிரித்துக்கொண்டே, "உங்க விரலுக்கு இதுதாம்மா லாயக்கு," என்றார். "டெஸ்டிங் வேணும் சார்," என்றாள் மேரி. அவர் சிரித்தார். மறுநாள் கேட்டாள். சிரிப்பு பாதியாகிவிட்டது. சால்டரிங் சூட்டில் விரல் நுனி கன்றிப்போய் வீட்டுக்கு வருவாள். காலையில் மறுபடி போய், வயரிங் மேஜைக்குப் போகுமுன் ஜகதீசனின் மேஜைக்குப் போய்க் கேட்பாள். இரண்டு மேஜை தள்ளி டெஸ்டிங்கில் இருந்த ஜுலைகா அதைப் பார்த்துவிட்டு, "நிறுத்தாதே மேரி, இப்பத்தான் அவருக்குக் காது வலிக்க ஆரம்பிச்சிருக்கு," என்பாள். தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டால் கல்பகம், "இன்னிக்குக் கேட்டேளா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவார். மேரி, "கேட்டேன், கல்பகம் மேடம்," என்பாள். இப்போது அந்தப் பிரிவில் வேறு சிலரும் அவரை அந்தப் பெயரால்தான் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெருமாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து சூசைராஜ் வீட்டில் உட்கார்ந்தார். அக்கா மகனுக்கு யோசனை கேட்கக் குகட்பள்ளிக்குப் போயிருந்தாராம்.

"வாசல்ல நின்னு ஐயான்னு கொரல் குடுத்தேன். வந்தாரு. 'எஞ்சினியர் உள்ளே இருக்கா, கூப்பிடறேன்'னு சொல்லிட்டு அவரு பாட்டுக்கு அடுப்பங்கரைக்குப் பூட்டாரு. மாமி வந்து உக்காந்து கேள்வி கேக்குது. ஐயா காபி போடுறாரு. காபியா அது? கஷாயம். இன்னாடா உலகம் இது."

"நீங்க உக்காந்தீங்களா மாமா?" என்று மேரி கேட்டாள்.

"உக்காந்தேன். நிக்கறவங்களுக்குக் காபி கெடையாதுன்னுட்டாரு ஐயா."

சூசைராஜ் சத்தமாகச் சிரித்தார். மேரி கன்றிய விரல்களைத் தேங்காய் எண்ணெயில் தோய்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்குத் திங்கட்கிழமை. மறுபடி கேட்க வேண்டும்.